அம்மனுக்கு முதலில் காட்டிய பெட்டி

எலுமிச்சைப்புல் வாசனை வந்தால் எனக்கு இன்னும் குமட்டும். நல்ல வாசனைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய துணிக்கடையிலோ ஓட்டல் வாசலிலோ அது அடிக்கும்போது கூட வந்தவர்கள் மூச்சை இழுத்து ஆகா என்பார்கள். நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

அந்த வாசனையை நான் முதன்முதலில் முகர்ந்தது புதுச்சேரி ஒயிட் டவுனில், கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டில். மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, வாசலில் காகிதப்பூக் கொடி. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இலவச சட்ட ஆலோசனை, அனுபவசாலிகளின் வழிகாட்டல், கைகொடுக்க ஒரு கூட்டம் என்று வாட்ஸப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். கைகொடுத்தார்கள், உண்மைதான். கொடுத்த கையை உடனே துடைத்தும் கொண்டார்கள்.

நான் முதலியார்பேட்டைக்காரி. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு வாட்ச்மேன் வேலை, லோடு ஆட்டோ என்று கிடைத்ததைப் பார்த்தார். நான் டிப்ளமோ முடித்துவிட்டு ஊருக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வரைபடம் போடும் வேலைக்குப் போனேன். வாளி, மக்கு, மூடி, தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன். என் கையால் உருவான மக்கில் பாதிப் புதுச்சேரி குளித்திருக்கும். ஆனால் இந்தக் கதையில் உள்ள பெட்டி அந்தக் கம்பெனியில் பிறந்ததல்ல. எங்கள் வீட்டு வாசற்படியில் பிறந்தது.

எங்கள் தெருவுக்கு வீராம்பட்டினத்திலிருந்து ஓர் அக்கா மீன் கொண்டுவருவாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அலுமினிய அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, மேலே ஈரச் சாக்கு மூடி, டவுன் பஸ்ஸில் ஏறி வருவாள். ஐஸ் உருகினால் தண்ணீர் சொட்டும். தலையில் வைத்திருந்தால் கழுத்தில் இறங்கி ரவிக்கைக்குள் போகும். பஸ்ஸில் தரையில் வைத்திருந்தால் பக்கத்தில் நிற்பவனின் செருப்பை நனைக்கும். அவன் சும்மா இருப்பானா? ஒருநாள் கண்டக்டர் அவளை அரியாங்குப்பம் பாலத்திலேயே இறக்கிவிட்டான். பஸ்ஸே நாறுகிறது என்று சொல்லித்தான் இறக்கினான். உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அன்றைக்கு அவள் நடந்து எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மீன் கண் வெளுத்து, தொட்டால் அமுங்கியது. அவள் அழவில்லை. படியில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பஸ்ல இருக்கறவன் பூரா மீன் துன்றவன்தான், பாப்பா. துன்றவன் நாறல, கொண்டாரவ மட்டும் நாறுறாளாம்."

எனக்கு அந்தக் கண்டக்டர்மேல் வந்த கோபத்தைவிட, அந்தத் தண்ணீர்மேல் வந்த கோபம்தான் அதிகம். தண்ணீர் சொட்டாத ஒன்றைச் செய்ய முடியாதா என்ன? அவளிடம் கேட்டுக் கேட்டு வரைந்தேன். இரட்டைச் சுவர். உள்ளே சரிவான அடித்தளம், அதன்மேல் ஓட்டை போட்ட தட்டு. உருகிய தண்ணீர் ஓட்டை வழியாக இறங்கி, அடியில் மேஜை டிராயர் மாதிரி இழுக்கிற ஒரு தட்டில் சேரும். நிறைந்தால் இழுத்து எங்காவது கொட்டிவிட்டுத் திரும்பச் செருகலாம். பெட்டியின் அடிப்பாகத்தில் ஒரு குழி விட்டோம், தலையில் சும்மாடு வைத்துத் தூக்கினால் அசையாமல் உட்காருவதற்காக. அது அக்காவின் யோசனை. அவள் தம்பி படகு பழுது பார்க்கிறவன். ஃபைபர் படகு செய்கிற அதே பொருளில் முதல் பெட்டியைச் செய்து கொடுத்தான். மூன்று தடவை கெட்டு, பிறகு சரியாக வந்தது.

அது வந்த நேரம் ஆடி மாதம். வீராம்பட்டினத்தில் தேர். அந்த ஊரில் புது வலையோ, புது என்ஜினோ, புதுப் படகோ எது வந்தாலும் முதலில் அம்மனுக்குக் காட்டாமல் கடலில் இறக்க மாட்டார்கள். பெட்டிக்கும் அதே முறைதான் என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, ஐஸும் மீனும் நிரப்பி, தேர் அன்று கோயில் வாசலில் தலைமேல் வைத்துக்கொண்டு சுற்றி வந்தாள். கவர்னர் வடம் பிடிக்கிற கூட்டம், கேட்கவா வேண்டும்? ஒரு சொட்டு விழவில்லை. பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து, தட்டை இழுத்து, குழியைக் கவிழ்த்துக் காட்டினாள். ஊர் பூரா போனில் படம் பிடித்தது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. அதற்குப் பிறகு பெண்கள் ஒவ்வொருவராக வந்து கேட்க ஆரம்பித்தார்கள். நான் கம்பெனி வேலையை விட்டேன். முதலியார்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை பிடித்தோம்.

தொழில் என்று ஆன பிறகு முறையாகச் செய்ய வேண்டாமா? பதிவு, பங்கு ஒப்பந்தம், வரி, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் அந்த மஞ்சள் வீட்டுக்குப் போனோம். ஒரு புதுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனோம்.

வரவேற்பில் இருந்த பெண் கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். மூக்கு லேசாகச் சுருங்கியது. பிறகு சிரித்தாள்.

"ஆன்ட்டி, அத கார்டன்ல வச்சிட்டு வர்றீங்களா? உள்ள ஏசி, ஸ்மெல் நின்னுடும்."

"இது புதுசுமா. இதுல இன்னும் மீனே வெக்கல" என்றாள் அக்கா.

"இருந்தாலும் ஆன்ட்டி."

செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயடியில் பெட்டியை வைத்துவிட்டு உள்ளே போனோம். அந்தப் பெண் எழுந்து எங்கள் பின்னாலேயே எலுமிச்சைப்புல் திரவத்தை உஸ் உஸ் என்று அடித்துக்கொண்டு வந்தாள். பெட்டிதான் வெளியே போய்விட்டதே, எதற்கு அடிக்கிறாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கே வழிகாட்டி ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை மென்டர் என்பார்கள். கசங்கிய லினன் சட்டை, கையில் மரமணிக் கயிறு. வேறு ஏதோ ஊரிலிருந்து வந்து சில வருஷமாகிறது, ஆனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் பிரெஞ்சில் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்வார். எங்களூரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பிரெஞ்சு பேசித் திரிந்த சொல்தா வீட்டுக் கிழவர்கள்கூட மீன்காரியிடம் தமிழில்தான் விலை பேசுவார்கள். இவர் அக்காவிடமும் போன்ழூர் சொல்லி, கையை நீட்டினார். அக்கா தயங்கிக் கொடுத்தாள். அவர் குலுக்கினார். குலுக்கிவிட்டு, எங்களோடு பேசிக்கொண்டே, பையில் தொங்கிய குட்டி சானிடைசர் புட்டியை அமுக்கி இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டார். ரொம்ப இயல்பாகச் செய்தார். பேச்சு ஒரு நொடிகூட நிற்கவில்லை. அக்கா தன் கையை மெதுவாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

எழுந்து வந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். இலவச சட்ட ஆலோசனை என்று போட்டிருந்தானே, அதை வாங்காமல் எப்படி வருவது?

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் போனோம். அங்கே வருகிறவர்கள் தங்களைக் கம்யூனிட்டி என்று சொல்லிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் அந்த வார்த்தையைத் தாலுக்கா ஆபீஸில் சாதிச் சான்றிதழ் வாங்கும்போது மட்டும்தான் சொல்வோம். ஆளுக்கொரு மண் குவளையில் காப்பி. நாய்க்கு நடைத்துணை தேடித் தரும் ஆப், தியானம் செய்ய நினைவூட்டும் ஆப், இன்னொரு ஆப்பைக் கண்டுபிடித்துத் தரும் ஆப். ஒருவன் மேடையேறிப் படம் போட்டுப் பேசுவான், மற்றவர்கள் கைதட்டுவார்கள். அடுத்த வாரம் கைதட்டியவன் பேசுவான், பேசியவன் கைதட்டுவான். யாரும் யாருக்கும் எதையும் விற்று நான் பார்க்கவில்லை. ஆனால் வாரத்துக்கொருவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோவுக்கு மட்டும் அக்காவை முன்வரிசைக்குக் கூப்பிடுவார்கள். கூடையோடு வரமுடியுமா என்றுகூட ஒருமுறை கேட்டார்கள். கூடை வேண்டாம் என்பதற்குத்தானே ஐயா பெட்டி செய்தோம்!

அங்கே உறுப்பினராகப் பதிவு செய்துகொள்வதற்காகப் பெட்டியின் வரைபடங்களை எல்லாம் அவர்கள் சொன்னபடி கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தேன். சேருகிற எல்லோரும் கொடுத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு வக்கீல் வந்து வகுப்பெடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், புரியும்படி சொன்னார். ஒரு பொருளின் வடிவத்தை நம் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம், அதற்குப் பிறகு இன்னொருவன் அதைப் பார்த்துச் செய்ய முடியாது என்றார். கடைசியில் கேள்வி கேட்கச் சொன்னார். நான் எழுந்தேன்.

"எங்க பெட்டிய பதிவு பண்ணணும் சார்."

"தாராளமா. இதுவரைக்கும் வெளிய யாருக்கும் காட்டலயே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பெருமையாகச் சொன்னாள். "காட்டியாச்சி சார். அம்மனுக்குத்தான் மொதல்ல காட்னோம். தேர் அன்னிக்கி, கோயில் வாசல்ல."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. ஊரறியக் காட்டிவிட்ட வடிவம் சட்டத்தின் கண்ணுக்குப் புதியது அல்ல, அதனால் பதிவு கிடைக்காது என்று வருத்தத்தோடு விளக்கினார். காட்டுவதற்கு முன்னால் விண்ணப்பம் போட்டிருக்க வேண்டுமாம். வீராம்பட்டினத்தில் எந்த மனுஷி அம்மனுக்கு முன்னால் அரசாங்கத்துக்குக் காட்டுவாள்? அக்கா ஒன்றும் புரியாமல், சிரிப்பவர்களைப் பார்த்துத் தானும் கொஞ்சம் சிரித்தாள். அவள் சிரித்த அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு அங்கிருந்த ஒவ்வொருவர்மேலும் அருவருப்பு வருகிறது.

மென்டர் அன்றைக்கு என் தோளைத் தட்டினார். ஆனால் மறுவாரத்திலிருந்து அது அவர்களுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லாகிவிட்டது. யாராவது தன் திட்டத்தை உளறிவிட்டால் 'அம்மன் மிஸ்டேக்' என்பார்கள். எங்களுக்கும் சேர்த்து வைத்திருந்த வாட்ஸப் குழுவிலேயே மென்டர் எழுதுவார், 'நண்பர்களே, அம்மன் மிஸ்டேக் செய்யாதீர்கள், வீராம்பட்டினம் பெட்டியை நினைவில் வையுங்கள்' என்று. கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள் விழும்.

பிறகு ஒருநாள் தோட்டத்தில் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் தொழிலில் பங்குதாரராக அவர் சேருவாராம். அவர் பெயர் இருந்தால் கதவெல்லாம் திறக்குமாம்.

"நீங்க பெட்டி செய்வீங்களா சார்?" என்றாள் அக்கா.

"நோ நோ. நான் ஸ்ட்ராடஜி."

"மீன் விப்பீங்களா?"

அவர் சிரித்தார்.

"அப்பறம் எதுக்கு சார்? நாங்க ரெண்டு பேரு போதும்."

அவர் முகம் மாறவில்லை. யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு எங்களை முன்வரிசைக்கு யாரும் கூப்பிடவில்லை. நாங்களும் போவதைக் குறைத்துக்கொண்டோம். கொட்டகையில் வேலை நிறைய இருந்தது.

சில மாதம் கழித்து, ஓர் ஓட்டலில் அவர்கள் நடத்திய கண்காட்சியின் படங்கள் அதே குழுவில் வந்தன. ஒரு படத்தில் பளபளவென்று வெள்ளைப் பெட்டி, நீல மூடி. அதே சரிவு, அதே இழுக்கிற தட்டு. பக்கத்தில் மென்டரும் அவர் சொந்தக்காரன் ஒருவனும் நின்று இளித்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னொரு பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன் அடியில் எங்கள் சும்மாட்டுக் குழி. அவர்கள் அதை ஓட்டல்களுக்குத்தான் விற்கப்போவதாகப் போட்டிருந்தது. ஓட்டல் சமையலறையில் எவன் தலையில் சும்மாடு வைத்துத் தூக்கப்போகிறான்? எதற்கென்றே தெரியாமல் அந்தக் குழியையும் சேர்த்துத் திருடியிருந்தான். திருடுவதில்கூட ஒரு சோம்பல். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

அதோடு விட்டிருந்தால்கூடத் திட்டித் தீர்த்துவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். அடுத்த மாதம் கொட்டகைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. இந்த வடிவம் தங்கள் கட்சிக்காரரின் நிறுவனத்துக்குப் பதிவாகியிருக்கிறது, அதைக் காப்பியடித்துச் செய்வதை உடனே நிறுத்த வேண்டும், தவறினால் வழக்கு. நாங்கள் அவர்களைக் காப்பியடித்தோமாம்! பதிவு கிடைக்காது என்று அன்று அந்த அரங்கத்தில் எங்களோடு உட்கார்ந்து கேட்ட மனுஷன், கேட்டுவிட்டு நேராகப் போய்த் தன் பெயரில் புதியது என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். இனி அவனை 'அவர்' என்று என்னால் எழுத முடியாது.

அக்கா நோட்டீஸைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்த பெட்டிகளைப் பார்த்தாள்.

"வாங்கினு போனவளுவகிட்ட இருந்தும் புடுங்குவானுவளா?"

"தெரியலக்கா."

"பஸ்ல ஏறி உக்காந்துகினு போறாளுவ, பாப்பா. இப்ப எந்தக் கண்டக்டரும் எறங்குன்னு சொல்றதில்ல. பெட்டி போச்சின்னா மறுபடியும் அன்னக்கூடதான். மறுபடியும் பாலத்துல எறக்கி உடுவானுவ."

அவளுக்குக் கொட்டகை போவது பெரிதாகப் படவில்லை. அந்த பஸ்தான் பெரிதாக இருந்தது. எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது.

கைகொடுக்கிற கூட்டம் என்றார்களே, கேட்டுத்தான் பார்ப்போமே என்று குழுவில் நடந்ததை அப்படியே எழுதினேன். எங்களோடு காப்பி குடித்தவர்கள், அக்காவோடு படம் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டவர்கள், எல்லோரும் படித்தார்கள். படித்ததற்கான நீலக் கோடு விழுந்துகொண்டே இருந்தது. ஒருத்தி கைகூப்புகிற பொம்மை போட்டாள். நாய் ஆப் வைத்திருந்தவன், இந்த மாதிரி எதிர்மறையான விஷயங்களுக்கு இது இடமில்லை என்று எழுதினான். இன்னொருவர் தத்துவம் சொன்னார்: யோசனை யாருக்கும் சொந்தமில்லை, செய்து முடிப்பதுதான் முக்கியம். செய்து முடித்துத் தலையில் தூக்கிக்கொண்டு தேரைச் சுற்றினவள் யார் என்று பதில் எழுதினேன். அனுப்பவில்லை. அதற்குள் எங்கள் இருவரையும் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

எச்சில் இலையைத் தூக்கி எறிகிற மாதிரி இருந்தது. இரண்டு நாள் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. கோபமாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். இது கோபம் அல்ல. தெரியாமல் எதையோ மிதித்துவிட்டு, எத்தனை கழுவினாலும் காலில் ஒட்டியிருக்கிற மாதிரி ஒரு உணர்ச்சி.

கோர்ட்டில் இலவச சட்ட உதவி உண்டு என்று கருவடிக்குப்பத்தில் இருக்கும் என் சித்திதான் சொன்னாள். அவளுடைய ஜீவனாம்ச வழக்கு அங்கேதான் முடிந்ததாம். அக்காவும் நானும் போனோம். எலுமிச்சைப்புல் வாசனை இல்லை. பினாயில் வாசனையும், வெளியே டீக்கடைப் பஜ்ஜி வாசனையும் கலந்து அடித்தது. பெஞ்சில் எங்களுக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி, கண்ணாடி உடைந்த பெரியவர் ஒருவர். எங்கள் முறை வந்தபோது அங்கிருந்த வக்கீலம்மா தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருங்க என்று சொல்லி அவசரமாக டப்பாவை மூடினார்.

"சாப்புடுங்கமா, நாங்க நிக்கிறோம்" என்றாள் அக்கா.

"பரவால்ல, உக்காருங்க. ரெண்டு பேரும் பொம்பளைங்கதான? அப்ப ஃபீஸ் பேச்சே இல்ல, சட்டத்துலயே இருக்கு. சொல்லுங்க."

சொன்னோம். அவர் தலையைச் சொறிந்தார். புருஷன் பெண்டாட்டி வழக்கும் வாடகைத் தகராறும்தான் தனக்கு வரும், இந்த வடிவப் பதிவெல்லாம் கல்கத்தாவில் இருக்கிற அலுவலகத்துச் சமாசாரம், படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும், நாளை மறுநாள் வாருங்கள் என்றார். தெரியாது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அந்த மஞ்சள் வீட்டில் யாருக்கும் தெரியாதது என்று எதுவுமே இருந்ததில்லை.

திரும்பப் போனபோது அவர் எங்களுக்காகக் காத்திருந்தார்.

"பெட்டிய மொதமொதல்ல எப்பம்மா வெளிய காட்டினீங்க?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "அது தப்பாப் போச்சிமா. அம்மனுக்குக் காட்டிட்டோம். போன வருசம் ஆடித் தேர்ல."

"அவன் எப்ப பதிவு போட்டிருக்கான்? அதே வருஷம் ஐப்பசியில. ஊரே பாத்த பொருள உங்களுக்குப் புதுசுன்னு பதிவு பண்ண முடியாதுன்னா, அவனுக்கு மட்டும் அது எப்படிப் புதுசாவும்? ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம். தேர்ல யாராவது போட்டோ புடிச்சாங்களா?"

அக்கா நிமிர்ந்தாள். "யாரு புடிக்கலன்னு கேளுங்கமா."

அவன் அம்மன் மிஸ்டேக் என்று குழுவில் எழுதியதைப் பற்றியும் நான் சொன்னேன். நீக்கினாலும் பழையது என் போனில் அப்படியே இருந்தது. வக்கீலம்மா படித்துவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். அவன் வாயாலேயே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறானே என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒன்றை மட்டும் மறைக்காமல் சொன்னார். அவன் பதிவு போனாலும் பெட்டி எங்களுக்குச் சொந்தமாகாது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவனும் செய்யலாம்.

அக்கா மேஜைமேல் இருந்த நோட்டீஸைத் தள்ளி வைத்தாள்.

"செய்யட்டும். எங்கள செய்யாதன்னு சொல்லாம இருந்தா போதும்."

பதில் நோட்டீஸ் போயிற்று. அதோடு தேர்ப் படங்களும் போயின. கொட்டகைக்குப் பெண்கள் போனோடு வந்து வரிசையில் நின்றார்கள். ஒரு படத்தில் மொட்டையடித்த குழந்தை, பின்னால் பெட்டி. இன்னொன்றில் பலூன்காரன், பக்கத்தில் பெட்டி. ஒரு வீடியோவில் அக்கா தட்டை இழுத்து, 'பாத்துக்குங்கடி, ஒரு சொட்டு உழாது' என்று கத்துகிறாள். பின்னால் தேர் அசைந்து போகிறது.

அந்தப் பக்கமிருந்து பதிலே இல்லை. மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு தபாலுக்கும் பயந்துகொண்டே வேலை செய்தோம். பொங்கலுக்குப் பிறகு ஓர் அழைப்பு வந்தது. நோட்டீஸ் அல்ல, பூப்போட்ட அழைப்பிதழ். 'மீனவச் சகோதரிகளுக்கு எங்கள் அன்பளிப்பு' என்று விழா. அதே மஞ்சள் வீட்டில்.

கிழித்துப்போடப் போனேன். விஷயத்தைப் போனில் கேட்ட வக்கீலம்மா தடுத்தார். "போங்க. என்னா சொல்றான்னு போன்ல புடிச்சிக்குங்க. ஊரறிய சொல்லட்டும்."

போனோம். எலுமிச்சைப்புல் வாசனை வாசலிலேயே வந்து மூக்கில் ஏறியது. மேடைக்குப் பின்னால் பெரிய பேனரில் அக்காவின் முகம். நாங்கள் அங்கே முதன்முதலில் போன நாளில் எடுத்த படம். அவளைக் கேட்டு யாரும் போடவில்லை. மென்டர் மைக்கைப் பிடித்தான். குரல் தழுதழுத்தது. இந்தப் பெட்டிக்கு உரிமை கொண்டாட எங்களுக்கு மனம் வரவில்லை, பதிவைக் கைவிடுகிறோம், இதைக் கடலோரத் தாய்மார்களுக்கே அர்ப்பணிக்கிறோம், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நாய் ஆப் வைத்திருந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒருவர் பொன்னாடை போர்த்தினார். நான் போனில் பிடித்துக்கொண்டே இருந்தேன். வாந்தி வந்துவிடும் போல இருந்தது, நிஜமாகவே.

பிறகு முதல் பயனாளி என்று அக்காவின் பெயரை வாசித்தார்கள்.

அவள் செய்த பெட்டியை அவளுக்கே தானமாகக் கொடுக்கிறார்கள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"போவாதக்கா."

"இரு, வரேன்" என்று கையை விடுவித்துக்கொண்டு மேடை ஏறினாள்.

அவன் பெட்டியைக் கொடுத்தான். போட்டோவுக்காக அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். படம் எடுக்கிறவன் இன்னொன்று, இன்னொன்று என்றான். மென்டர் அவள் கையை விடவே இல்லை. அக்கா கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றாள், சிரிக்கவில்லை. மைக்கை நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கி, நேராக வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

தோட்டத்தில், செடிக்குத் தண்ணீர் விடுகிற அந்தக் குழாயடியில் பெட்டியை வைத்தாள். குழாயைத் திறந்தாள். கையை நீட்டி, புறங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மீன் வெட்டி முடித்த பிறகுகூட அவள் அப்படிக் கழுவி நான் பார்த்ததில்லை.

"என்னாக்கா?"

"நாறுது பாப்பா" என்றாள். "இரு, கழுவிட்டு வரேன். பஸ்ல ஏறணும்ல."